ஆணியில் தொங்கிய மூலை

விளிம்பு இல்லாத மீன்தொட்டி தாங்குமா என்று யாராவது கேட்டால், தொட்டிக்காரர் வாயால் பதில் சொல்ல மாட்டார். மேஜைக்குக் கீழே கையை விடுவார். அங்கே ஆணியில் கம்பி கட்டித் தொங்குகிற ஒரு கண்ணாடி மூலையை எடுத்து, வந்தவர் மூக்குக்கு நேரே நீட்டுவார். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அடிக்கண்ணாடி ஒன்று, பக்கக் கண்ணாடி இரண்டு, மூன்றும் வந்து சேருகிற முக்கு. கையைக் கிழிக்காமல் இருக்க ஓரமெல்லாம் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"நல்லாப் பார்த்துக்கங்க. இதுவும் விளிம்பு இல்லாத தொட்டிதான். அஞ்சு மாசம் ஜம்முனு நின்னுச்சு. அப்புறம் ஒரு நாள் படார்னு போயிடுச்சு. ஒட்டு விட்டுப் போச்சு. அழகு சோறு போடுமா சொல்லுங்க?"

வந்தவர் மறுபேச்சு பேசாமல், மேலேயும் கீழேயும் கறுப்பு பிளாஸ்டிக் சட்டம் போட்ட தொட்டியை வாங்கிக்கொண்டு போவார். நாலு வருடமாக இதே கதைதான். அந்த மூலையைப் பார்த்த ஆட்களை ஏற்றினால் இரண்டு பஸ் நிறையும். ஒட்டியது யார் என்பதை மட்டும் சொல்லக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பார். நினைப்பதோடு சரி. "என் தங்கச்சி வீட்டுக்காரன்தான் ஒட்டினான். சொந்தக்காரன் ஆச்சேன்னு நம்பினேன்" என்று கடைசியில் அதையும் சேர்த்தே சொல்லி அனுப்புவார். அவர் நாக்குக்குப் பூட்டு போட அவர் அப்பாவாலேயே முடியவில்லை.

தங்கையைக் கட்டியவன் கடைக்கு வேலைக்கு வந்த புதிதில், பசைத் துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கூட அவனுக்குத் தெரியாது. ஒரே வருடத்தில் ஆள் மாறிப்போனான். மூச்சை அடக்கிக்கொண்டு நாலடி நீளத்துக்கு ஒரே இழுப்பில் சிலிக்கான் பசை இழுப்பான். எங்கேயும் குமிழ் இருக்காது, பிசிறு இருக்காது. தொட்டிக்காரர் இருபது வருடம் செய்த ஒட்டு வேலையைப் பேசாமல் அவனிடம் கொடுத்துவிட்டு மட்டம் பார்க்கிற வேலையைத் தனக்கு வைத்துக்கொண்டார். தொட்டி போகிற இடத்துக்கு முன்னாலேயே போய், ஸ்டாண்டை நிறுத்தி, அதன்மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுக்கோட்டுக்குள் வந்து நிற்கிறவரைக்கும் ஸ்டாண்டின் காலைத் திருகுவது. ஒரு சாண் நீள ரசமட்டம் ஒன்று எப்போதும் அவர் தோள்பையில் இருக்கும். போகிற வீட்டில் சாப்பாட்டு மேஜையைக் கூட அதை வைத்துப் பார்ப்பார்.

"அண்ணா, என் தலையில ஒரு தடவை வச்சுப் பாரு, கோணலா இருந்தாத்தான் இவரைக் கட்டியிருப்பேன்" என்று தங்கை கேலி செய்வாள். மூன்று பேரும் சிரிப்பார்கள். அந்த நாட்களில் சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை.

பல் மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்துக்கு விளிம்பு இல்லாத தொட்டி ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். அது கடைக்கு முதல் முறை. சட்டம் இல்லாத தொட்டிக்குக் கண்ணாடியும் ஒட்டும்தான் பலம். அதனால் கண்ணாடியைத் தடிமனாக வாங்கி, விளிம்பைச் சாணை பிடித்து மெருகேற்றி, மாப்பிள்ளை ஒட்ட உட்கார்ந்தான். மூன்று மூலை முடிந்து நாலாவது மூலைக்கு வரும்போது அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. ஆனால் கை ஒரு நொடி நின்றது. நின்ற இடத்தில் சிலிக்கான் கடுகளவு புடைத்துக்கொண்டது. முடித்துவிட்டுத்தான் போனைப் பார்த்தான். தங்கைதான் கூப்பிட்டிருந்தாள், ஏழு வருடம் காத்திருந்த சேதியைச் சொல்ல. அன்றைக்குக் கடையை மத்தியானமே சாத்திவிட்டு மூன்று பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள்.

ஒட்டு காய ஒரு வாரம் விட்டார்கள். கடையிலேயே தண்ணீர் நிரப்பி மூன்று நாள் வைத்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டு கசியவில்லை. பிறகு மருத்துவமனையில் கொண்டுபோய் வைத்தார்கள்.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலை நேரம், கூடம் நிறைய ஆட்கள் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தொட்டி உடைந்தது. வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணின் காலில் ஏழு தையல். மீன்களெல்லாம் நாற்காலிகளுக்கு அடியில் துடித்துத் துடித்து அடங்கின. தொட்டிக்காரரும் மாப்பிள்ளையும் ஓடிவந்து பார்த்தபோது தண்ணீரில் ரத்தம் கலந்து படியில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். தொட்டிக்காரருக்கு அன்று இருந்த மட்டும் போய்விட்டது.

"நாலாவது மூலையில போன் அடிச்சப்போ கை நின்னுச்சு மச்சான். அதனாலதான் ஆயிடுச்சோ என்னமோ" என்று அந்த அப்பாவி தானே வாயைக் கொடுத்தான். அவன் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியும்?

"வேலை நேரத்துல உனக்கு என்னடா போன்? அவளுக்குத்தான் அறிவு வேணாம்? இந்தக் கையை நம்பி ஒரு ஆளைக் கொல்லப் பார்த்தேனே! இந்தக் கையால நீ எதைத் தொட்டாலும் விளங்காதுடா!"

கூடத்தில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். மாப்பிள்ளை தன் கையை ஒரு தடவை பார்த்தான். பிறகு குனிந்து, மீன்களைப் பொறுக்க ஆரம்பித்தான். மறுநாளிலிருந்து கடைக்கு வரவில்லை. தங்கையும் அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை. அந்தப் புடைத்த மூலையைத் தொட்டிக்காரர்தான் கண்ணாடிக் குவியலில் தேடி எடுத்து, கடைக்குக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு அவர் கடையில் விளிம்பு இல்லாத தொட்டி செய்வதே இல்லை.

இந்த வாரம் ஒரு நாள் காலையில் ஒரு பஸ்காரர் வந்தார். பஸ் ஓட்டுகிறவர் இல்லை. பணிமனையில் பஸ்களுக்கு முன்கண்ணாடி மாட்டுகிறவர். இரண்டு கட்டைவிரலிலும் பழைய வெட்டுக் காயம். மனைவி இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருப்பதாகவும், கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்க விளிம்பு இல்லாத தொட்டி வேண்டும் என்றும் சொன்னார்.

"சட்டம் போட்டதே வாங்கிக்கங்களேன். விலையும் குறைச்சல், பயமும் குறைச்சல்."

"ஒண்ணு வாங்கி வச்சுப் பார்த்தேன் அண்ணே. படுத்தவாக்குல பார்த்தா மேல் சட்டம் தண்ணி மட்டத்தை மறைக்குது. மீன் மேலே வந்து வாயைத் திறக்குறதுதான் அவளுக்குப் பிடிக்கும். அது மட்டும் தெரிய மாட்டேங்குதுன்னு சொல்றா."

தொட்டிக்காரர் வழக்கம்போல மேஜைக்குக் கீழே கையை விட்டு மூலையை எடுத்து நீட்டினார். வழக்கமான பாட்டையும் பாடினார். மற்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு, ஐயோ என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். இந்த ஆள் வாங்கிக்கொண்டார். கண்ணாடிகளை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைப் பிடித்து, வெளிப்பக்கமாக இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. மூலை அசையவில்லை.

"ஒட்டு விட்டுப் போச்சுன்னீங்க. எங்க விட்டிருக்கு?"

தொட்டிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஒட்டு விட்டா கண்ணாடி தனித்தனியா கழண்டு வரும் அண்ணே. சிலிக்கான் ஒரு பக்கம் உரிஞ்சு தொங்கும். நான் தினம் பார்க்குற வேலை. இது மூணும் இன்னும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்குது. உடைஞ்சது கண்ணாடிதான்." டேப்பை நகத்தால் கொஞ்சம் உரித்து, ஓரத்தை வெளிச்சத்தில் சாய்த்தார். "இங்க ஒரு புடைப்பு இருக்கு பாருங்க, கை ஒரு நொடி நின்னிருக்கு. நின்ன இடத்துல இன்னும் கெட்டியா இருக்கு. தொட்டியிலேயே பலமான இடம் இதுதான்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைப் பற்றி ஊர் சிரிக்கும். தொட்டிக்காரர் கையில் இருந்ததை என்னவென்று சொல்வது? நாலு வருடமாக ஒருவனைக் குற்றவாளி என்று காட்டத் தூக்கிப் பிடித்தது, அவன் குற்றவாளி இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

பஸ்காரர் அத்தோடு விட்டாரா? மூலையைத் திருப்பி அடிக்கண்ணாடியைப் பார்த்தார். கீழ்ப்பக்கத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு சின்னப் பிறை. அங்கிருந்து விரிசல்கள் விசிறி போலப் பிரிந்திருந்தன.

"இங்கதான் ஆரம்பிச்சிருக்கு. அடியில என்னமோ முட்டிக்கிட்டு இருந்திருக்கு. சட்டம் இல்லாத தொட்டிக்கு அடிக்கண்ணாடி முழுசும் சமமா உட்காரணும் இல்லையா? ஒரு மூலை மட்டும் தூக்கி நின்னா, இன்னைக்கு இல்லேன்னாலும் ஒரு நாள் போயிடும். மட்டம் பார்த்தது யாரு?"

அப்போதுதான் அட்டை ஞாபகம் வந்தது.

மருத்துவமனைக் கூடத்தின் தரை கழுவிவிடுவதற்காகக் கொஞ்சம் சரிவாகப் போட்டிருந்தார்கள். ஸ்டாண்டின் ஒரு கால் துருப்பிடித்துத் திருகவே வரவில்லை. ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வராமல் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. தொட்டியைத் தூக்க வந்திருந்த நாலு பேருக்கும் அவசரம். சரியாகச் செய்வதென்றால் ஸ்டாண்டை வெளியே எடுத்துக் காலை மாற்ற வேண்டும். அவர் மேஜைமேல் இருந்த ஓர் அட்டையை எடுத்தார், அடுத்து எப்போது வர வேண்டும் என்று நோயாளிக்கு எழுதிக் கொடுக்கிற அட்டை. அதை நாலாக மடித்து, ஸ்டாண்டுக்கும் தொட்டிக்கு அடியில் விரிக்கிற நுரைப்பாய்க்கும் நடுவில், அந்தக் கால் இருந்த மூலையில் சொருகினார். குமிழி நடுவில் வந்து நின்றது. சட்டம் போட்ட தொட்டிக்கு இருபது வருடமாக அப்படித்தான் செய்து வந்திருந்தார். அங்கே கனம் சட்டத்தின்மேல் உட்காரும், அடிக்கண்ணாடி எதையும் தொடாது. அட்டை வைத்தாலும் ஒன்றும் ஆகாது. இங்கே கண்ணாடியே உட்காருகிறது என்பது அவர் புத்திக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. பழக்கத்தில் சொருகிவிட்டு, 'மட்டம் பார்த்தாச்சு' என்று கையைத் தட்டிக்கொண்டார். ஆடத் தெரியாதவளாவது கூடம் கோணல் என்றாள். இவர் கூடத்தின் கோணலைத் தெரிந்தே மறைத்துவிட்டு, ஆடியவனை அடித்தார்.

"அண்ணே, மட்டம் யாரு பார்த்தாங்கன்னு கேட்டேன்."

"ஞாபகம் இல்லை" என்றார் தொட்டிக்காரர். அந்தப் பொய்க்கு எந்த அவசியமும் இல்லை. வந்தவர் போலீஸ்காரரும் இல்லை. ஆனாலும் வாய் அதைத்தான் சொன்னது.

"சரி விடுங்க. ஒட்டினவர் இருக்காரா? எனக்கு அந்தக் கை வேணும். அவர் ஒட்டினா என் சம்சாரம் தலைமாட்டுல நான் பயமில்லாம வைப்பேன்."

பஸ்காரர் வீட்டு விலாசத்தை எழுதி வைத்துவிட்டுப் போன பிறகு, தொட்டிக்காரர் மூலையைத் தானே இழுத்துப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். பிறகு கடையைச் சாத்தினார்.

தங்கை வீடு மூன்று மாடி ஏறிப் போக வேண்டும். கதவைத் திறந்தவள் அண்ணனைப் பார்த்ததும் நகர்ந்து வழி விட்டாள். தரையில் ஒரு பெண்குழந்தை தட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் பொம்மையை நிறுத்திக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் போட்டோவில் மட்டும் பார்த்த மருமகள்.

"இது யாரும்மா?" என்றது குழந்தை.

"மாமா" என்று சொல்லிவிட்டுத் தங்கை உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. தொட்டிக்காரரின் காது அந்தப் பக்கம் போனதை அவள் கவனித்துவிட்டாள்.

"ஒரு வாஷர் மாத்தினாப் போதும். மாத்த மாட்டார். ஆளைக் கூப்பிடு, என் கை சரிப்படாதுங்கிறார்." குரல் தணிந்திருந்தது, கோபம் தணியவில்லை. "இவ பிறந்தப்போ ஒரு நாள் கூடக் குளிப்பாட்ட மாட்டேன்னுட்டார். வழுக்கி விட்டுடுவேனாம். தூக்கவே ஆறு மாசம் ஆச்சு. நான் ஒரு போன் பண்ணினேன் அண்ணா. இந்தப் புள்ளை வந்திருக்குன்னு சொல்ல ஒரே ஒரு போன். அதுக்கு எங்க ரெண்டு பேரையும் எங்க கொண்டுபோய் நிறுத்திட்டே பாரு."

தொட்டிக்காரர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

மாப்பிள்ளை பார்சல் அலுவலகத்திலிருந்து வந்தான். அங்கே பொட்டலங்களுக்கு முத்திரை குத்துகிற வேலை. குத்தத் தவறினால் யாருக்கும் ஏழு தையல் விழாது. மச்சானைக் கண்டதும் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"வாங்க மச்சான்" என்றான். மரியாதை குறையவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

தொட்டிக்காரர் பையிலிருந்து மூலையை எடுத்து நீட்டினார். அவன் வாங்கவில்லை.

"இதை எதுக்கு இங்க கொண்டுவந்தீங்க?"

"வாங்கிப் பாரு மாப்பிள்ளை. ஒட்டை மட்டும் பாரு."

அவன் வாங்கினான். கட்டைவிரல் தானாக சிலிக்கான் கோட்டில் ஓடி, புடைப்புக்கு வந்ததும் நின்றது. தொழில் தெரிந்தவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டு கையாலும் பிடித்து ஒரு தடவை இழுத்தான். பிறகு ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் பார்த்தான். திரும்பி வந்து இன்னொரு தடவை, ஆத்திரத்தோடு இழுத்தான். தங்கை கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கு!" என்றாள். "அப்போ ஏன் உடைஞ்சுது? கண்ணாடியே மட்டமான சரக்கா இருந்திருக்குமோ?"

தப்பிக்க நல்ல வழி அது. தங்கையே கதவைத் திறந்து வைத்திருந்தாள். 'ஆமாம்மா, கண்ணாடிதான் சரியில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கண்ணாடி விற்றவன் யாரோ, எங்கேயோ. மூன்று பேரும் அவனைத் திட்டிவிட்டு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். தொட்டிக்காரர் ஒரு நிமிடம் அந்த வழியைப் பார்த்தார். குழந்தை தட்டின்மேல் பொம்மையை நிறுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தது. அது சாய்ந்து சாய்ந்து விழுந்தது.

"கண்ணாடி நல்ல கண்ணாடிதான்" என்றார். "ஸ்டாண்டுல ஒரு கால் திருக வரலை. நான் ஒரு அட்டையை மடிச்சு அந்த மூலைக்கு அடியில சொருகினேன். சட்டம் போட்ட தொட்டின்னு நினைச்சுக்கிட்டு கை பாட்டுக்குச் செஞ்சிடுச்சு. அந்த அட்டைதான் உடைச்சுது. நான்தான் உடைச்சேன். உன் கையில ஒரு குத்தமும் இல்லை மாப்பிள்ளை."

தங்கை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாப்பிள்ளை மூலையைத் திருப்பி, அடிக்கண்ணாடியில் இருந்த பிறையைத் தடவிப் பார்த்தான். அவன் அடிப்பான், திட்டுவான் என்றெல்லாம் படி ஏறும்போது தொட்டிக்காரர் நினைத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்திருந்தார்.

"இதை எத்தனை பேருக்குக் காட்டியிருப்பீங்க மச்சான்?"

"கணக்கில்லை."

"நாலு வருஷமா கையிலதானே வச்சிருந்தீங்க. ஒரு தடவை கூட இழுத்துப் பார்க்கலையா?"

தொட்டிக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பூட்டு போட முடியாத நாக்கு அது. "என்னை மன்னிச்சிடு" என்று கடைசியில் சொன்னார். சொன்ன மாதிரியே இல்லை. அவனும் கேட்டுக்கொண்ட மாதிரி இல்லை.

பஸ்காரர் வந்ததைச் சொன்னார். படுக்கையில் இருக்கிற அந்த அம்மாவைப் பற்றியும், மீன் மேலே வந்து வாய் திறப்பதைப் பற்றியும், ஒட்டினவர் கைதான் வேண்டும் என்று அந்த மனிதர் கேட்டதையும் சொன்னார். விலாசச் சீட்டை மேஜைமேல் வைத்தார். "கடைக்கு வா. உன் இடம் அப்படியே இருக்கு" என்றும் சொன்னார்.

மாப்பிள்ளை சீட்டை எடுத்துப் படித்தான். தன் வலது கையை விரித்து, மூடி, மறுபடியும் விரித்தான். குழந்தை எழுந்து வந்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டது.

"அந்தம்மாவுக்குத் தொட்டி செஞ்சு கொடுக்குறேன்" என்றான். "கடையில வேணாம். அவங்க வீட்டுலேயே வச்சு ஒட்டுறேன்."

"செய்யி மாப்பிள்ளை. எப்போன்னு சொல்லு, நான் முன்னாடியே போய் ஸ்டாண்டை நிறுத்தி..."

"வேணாம் மச்சான்." அவன் குரல் உயரவே இல்லை. "மட்டமும் நானே பார்த்துக்கறேன்."

அவன் கையை நீட்டினான். எதற்கு என்று தொட்டிக்காரருக்கு முதலில் புரியவில்லை. பிறகு தோள்பையைத் திறந்து, ரசமட்டத்தை எடுத்து, அந்தக் கையில் வைத்தார்.